நாவின் முடிச்சும் நம் பொறுப்பும்

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளை எண்ணி முடிக்க எவராலும் இயலாது. ஆயினும் அவற்றுள் சிலவற்றை அவனே தன் திருமறையில் முன்னிறுத்திக் காட்டுகின்றான். 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தை ஓதுவோர் அதன் தொடக்கத்தை நினைவு கூர்க. குர்ஆனைக் கற்பித்ததைக் கூறி, மனிதனைப் படைத்ததைக் கூறி, அடுத்து அவனுக்குப் 'பயான்' எனும் விளக்கும் ஆற்றலைக் கற்பித்ததைக் கூறுகின்றான். சூரியனும் சந்திரனும், விண்ணும் மண்ணும் அதன் பின்னரே வருகின்றன. ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களை வானவர்க்கு முன் உயர்த்திக் காட்டியதும் பொருள்களின் பெயர்களைக் கற்பித்த அந்தக் கல்வியே அன்றோ!

இதனை அடியொற்றியே நம் முன்னோர் மனிதனுக்கு இலக்கணம் வகுத்தனர். மன்திக் எனும் தர்க்கக் கலையைத் தொடங்கும் மாணவன் 'ஈஸாகூஜி' நூலைத் திறந்தவுடன் சந்திக்கும் வரையறை, 'மனிதன் ஹயவானுன் நாதிக்' என்பதாகும்; பேசும் உயிரினம் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ்ச் சான்றோரும் இதற்கு வேறுபட்டவரல்லர். வள்ளுவர் சொல்வன்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மக்களின் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்தார்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. பேச்சே மனிதனுக்கு இலக்கணம் என்றால், பேச்சு வராத பிள்ளை யார்? மூன்று வயதாகியும் 'அத்தா' என்று அழைக்காத மகனும், ஒரு சொல்லைத் தொடங்கி அதன் முதலெழுத்திலேயே தவித்து நிற்கும் மகளும், நாம் கூறும் நீண்ட வாக்கியத்தின் பாதியிலேயே பொருளை இழந்துவிடும் மாணவனும் அந்த இலக்கணத்துக்குள் அடங்குவரா, குறைந்த பங்குக்கு உரியவரா?

இது மத்ரஸாத் திண்ணையில் வாதத்துக்காக எழுப்பப்படும் வினா மட்டுமன்று. கொட்டாம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், ஏன், பிள்ளைகள் வளரும் ஊர் எதுவாயினும் அங்கே, யாரேனும் ஒரு தாய் இவ்வினாவை நெஞ்சுக்குள் சுமந்துகொண்டிருக்கின்றாள். அவளுக்கு ஊரார் கூறும் விடைகள் பல. சிலர் 'திமிர்' என்பர். சிலர் 'மந்தம்' என்பர். சிலர் பெற்றோர் செய்த வினை என்றும் கண்ணேறு என்றும் கூறுவர். மார்க்கமும் அறிவும் என்ன விடை தருகின்றன என்பதை நாம் நோக்குவோம்.

நாவும் பேச்சும் ஒன்றல்ல

முதற்கண் 'நாதிக்' எனும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். தர்க்க அறிஞர் இச்சொல்லால் குறித்தது வாயின் ஓசையை அன்று. அவ்வாறாயின் கிளியும் அந்த வரையறைக்குள் புகுந்துவிடும். வாய்பேசாதவர் வெளியே நிற்க நேரும். பொதுமைகளை உணர்ந்து பொருள் கொள்ளும் உள்ளத்து ஆற்றலையே அவர்கள் 'நுத்க்' என்றனர். நாவின் ஒலி அதன் அடையாளமே ஆகும்.

கலாம் எனும் இறையியற் கலையிலும் இதே தெளிவு உண்டு. நம் அஷ்அரி, மாத்துரீதி இமாம்கள் உள்ளத்தில் நிற்கும் பேச்சை 'கலாம் நஃப்ஸீ' என்றும், எழுத்தும் ஒலியுமாய் வெளிப்படும் பேச்சை 'கலாம் லஃப்ழீ' என்றும் பிரித்தனர். இறைவனின் பேச்சு எனும் பண்பை விளக்குவதற்காக வகுக்கப்பட்ட பிரிவு இது. ஆயினும் அதனை விளக்க அவர்கள் காட்டிய சான்று மனிதனின் அனுபவமே: சொல்ல எண்ணும் கருத்து நெஞ்சில் முழுமையாய் நிற்க, நா அதனை வெளியிடுகின்றது, சில வேளை வெளியிடத் தவறுகின்றது. வெளியிடத் தவறியதனால் உள்ளிருந்த கருத்து இல்லாமற் போய்விடுமா? போகாது.

திருமறையின் 'மர்யம்' அத்தியாயத்தை இந்நோக்கில் ஓதிப் பாருங்கள். நபி ஸகரிய்யா (அலை) அவர்களின் நா மூன்று இரவுகள் மக்களோடு பேசாது நிறுத்தப்படுகின்றது. அவர்கள் சைகையால் தம் சமூகத்தாருக்கு இறைதுதியை ஏவுகின்றார்கள். அன்னை மர்யம் (அலை) அவர்கள் பேசா நோன்பிருந்து, தொட்டிற் குழந்தையை நோக்கிக் கை காட்டுகின்றார்கள். அந்தக் கைகாட்டலே விடையாகின்றது. நபியின் சைகையும் நல்லாளின் சைகையும் திருமறையில் பேச்சாக ஏற்கப்பட்டிருக்க, வாய்பேசாப் பிள்ளையின் சைகையை 'ஊமை ஜாடை' என்று நாம் எள்ளுவது எங்ஙனம் தகும்?

ஃபிக்ஹு அறிஞர் இதனைச் சட்டமாகவே நிலைநிறுத்தினர். 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு ஹனஃபி மத்ஹபின்படி தொகுத்த 'மஜல்லா' எனும் சட்டநூலின் 70ஆம் விதி, வாய்பேசாதவரின் அறியப்பட்ட சைகை நாவால் விளக்கியதற்கு ஒப்பாகும் என்பதே. அவரது சைகையால் நிக்காஹ் நிறைவேறும். கொடுக்கல் வாங்கல் செல்லும். அவரை முழு மனிதராகவே சட்டம் கொண்டது.

இன்றைய மொழியறிஞர் இதற்கு மேலும் ஒரு சான்றைத் தந்துள்ளனர். நெகேவ் பாலைவனத்தில் 'அல் ஸையித்' எனும் பதூவீ முஸ்லிம் குடியிருப்பு ஒன்று உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் அக்குலத்தில் பிறவிச் செவிடு தலைமுறையாகத் தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஆய்வாளர் எழுதியபோது ஏறத்தாழ 3500 பேர் கொண்ட அவ்வூரில் 150 பேர் வரை செவி கேளாதோர். அவர்களுக்கென எவரும் மொழி கற்பிக்கவில்லை. அவர்களே ஒரு சைகை மொழியைப் படைத்துக்கொண்டனர். அதற்குத் தனக்கென ஒரு சொல்லொழுங்கும் அமைந்தது. வியப்பு யாதெனில், செவி கேட்போரும் அம்மொழியைக் கற்றனர். ஆகவே அங்கே செவிடு ஒரு தனிமையாக மாறவில்லை. அமெரிக்க நாடான நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலும், 1977க்குப் பின் செவிகேளாப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் ஒன்று கூட்டப்பட்டபோது, ஆசிரியர் கற்பிக்க முயன்ற உதட்டசைவைவிடத் தாமே படைத்த சைகைகளாலேயே ஒரு முழு மொழியை அவர்கள் உருவாக்கினர். நா இயங்கா இடத்தும் 'பயான்' எனும் கொடை மறைவதில்லை என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

முடிச்சுடைய நாவும் 'கலீமுல்லாஹ்' எனும் பட்டமும்

இனி நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நோக்குவோம். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை பிறந்தபோது, அவர்கள் தம் நெஞ்சை விரிவாக்குமாறும், காரியத்தை எளிதாக்குமாறும், மக்கள் விளங்கும் வண்ணம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறும் வேண்டினார்கள். தம்மைவிட நாவன்மை மிக்க தமையனார் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். இவ்விறைஞ்சுதலை மேடையேறும் ஒவ்வொரு பேச்சாளரும் ஓதக் கேட்கின்றோம். அதன் உட்பொருளை எண்ணுவோர் சிலரே.

முதலாவது, அவர்கள் வேண்டியது அளவோடு கூடியது. முடிச்சு அனைத்தும் அற்றுப் போக வேண்டும் என அவர்கள் கேட்கவில்லை. மக்கள் விளங்கிக்கொள்ளத் தேவையான அளவே கேட்டார்கள் என இமாம் இப்னு கஸீர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர் சுட்டுகின்றனர். இறுதிவரை சிறிது திக்கல் எஞ்சியிருந்தது என்று கூறுவோரும், முழுமையாய் நீங்கியது என்று கூறுவோரும் உளர்.

இரண்டாவது, இந்த நாவைக் குறைகூறியவன் யார் என்பது. தெளிவாய்ப் பேசவும் இயலாதவர் என்று தன் சமூகத்தாரிடம் எள்ளி நகைத்தவன் ஃபிர்அவ்ன். திருமறையில் ஒருவரது பேச்சின் தடுமாற்றம் ஏளனத்துக்கு உள்ளாகும் இடம் அதுவே. அந்த ஏளனம் வெளிப்பட்ட வாயும் அவனுடையதே. திக்கிப் பேசும் பிள்ளையைக் கண்டு நகைப்பவர் தாம் எவரது வரிசையில் நிற்கின்றோம் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளார்.

மூன்றாவதே அனைத்தினும் பெரிது. நபிமார்கள் அனைவருள்ளும் 'கலீமுல்லாஹ்' என்று, அதாவது அல்லாஹ்வோடு உரையாடியவர் என்று அழைக்கப்பெறுவோர், தம் நாவின் முடிச்சுக்காக இறைஞ்சிய இந்த நபியே ஆவார்கள். பேச்சாற்றல் குறைந்தவர் இறைவனின் உரையாடலுக்குத் தகுதியற்றவர் என்று எண்ணியிருந்தால் இது நிகழ்ந்திராது. நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு இதனினும் தெளிவான விடை நமக்குத் தேவையில்லை.

பேச்சு எவ்வாறு வருகின்றது?

மதிப்பில் குறைவில்லை என்று கூறி அமைந்துவிடலாமா? இயலாது. குறையை அறியாமல் அன்பு காட்டுவது, நோயை அறியாமல் நோயாளியின் தலையைக் கோதுவது போன்றதே. எனவே பேச்சு எவ்வாறு வளர்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

தமிழர் இதனைக் கூர்ந்து கவனித்தவர்கள். பிள்ளைத்தமிழ் எனும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாகப் பகுத்துச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பாடுகின்றது. நம் இஸ்லாமியப் புலவர்களும் அவ்வடிவில் பாடினர். 'தால்' என்றால் நா; தாய் தன் நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. பிள்ளை பேசுவதற்கு நெடுநாள் முன்பே தாயின் நா அதற்கு மொழியைக் கற்பிக்கின்றது என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

கருவறையின் இறுதித் திங்கள்களிலேயே குழந்தை தாயின் குரலைக் கேட்கின்றது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. பிறந்து ஆறு திங்களை ஒட்டி அது 'பாபா', 'மாமா' என ஒலிக்கோவைகளை அடுக்குகின்றது. ஓராண்டு நிறையும்போது பொருளறிந்த முதற்சொல் பிறக்கின்றது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் 'பால் வேணும்', 'அத்தா வா' என இரு சொற்கள் இணைகின்றன. பிள்ளைக்குப் பிள்ளை சிறிது முன்பின் ஆகலாம். ஆனால் ஓராண்டாகியும் ஒலிக்கோவை இல்லை, பதினாறு திங்களாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டாண்டாகியும் இரு சொல் இணையவில்லை என்றால் மருத்துவரைக் காண வேண்டும். வந்த பேச்சு மறைந்து போகுமாயின் எந்த வயதாயினும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இவை அனைத்துக்கும் வாயில் செவியே ஆகும். திருமறை பல இடங்களில் செவியைக் கண்ணுக்கு முன் வைத்துக் கூறுவதை ஓதுவோர் அறிவர். செவி கேளாப் பிள்ளை பேசாது. பேசாமைக்கு நாவைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? வசம்பை உரைத்து நாவில் தடவுகின்றனர். நாவின் அடிநரம்பை வெட்டினால் பேச்சு வரும் என்கின்றனர். நாவில் தடவும் பொருள் செவியின் கேள்வியைத் திறவாது. செவியைச் சோதிக்காமல் கழியும் ஒவ்வொரு திங்களும் அக்குழந்தையிடமிருந்து பறிக்கப்படும் ஒரு திங்களாகும்; ஏனெனில் மொழியை உள்வாங்க மூளை மிகவும் இசைந்திருப்பது முதற்சில ஆண்டுகளிலேயே. காதுக்கருவியும், செவிக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியும், சைகை மொழியும் எவ்வளவு முன்னதாகக் கிடைக்கின்றனவோ அவ்வளவு பயன் தரும்.

குறைகள் ஒரு தன்மையன அல்ல

பேச்சின் குறைகளை வகைப்படுத்தி எழுதியவர்களுள் முன்னோடி, பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அறிஞர் ஜாஹிழ் ஆவார். 'அல் பயான் வத்தப்யீன்' எனும் தம் நூலில், ஓரெழுத்துக்குப் பகரமாய் வேறெழுத்து வருவதை 'லுஸ்கா' என்றும், 'த' எழுத்தில் நின்று தடுமாறுவதைத் 'தம்தமா' என்றும், 'ஃப'வில் தடுமாறுவதை 'ஃபஃஃபஆ' என்றும் தனித்தனியே பெயரிட்டார். காஃப், ஸீன், லாம், ரா ஆகிய நான்கு எழுத்துகளில் லுஸ்கா நேர்கின்றது என்றும் குறித்தார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு, ஹிஜ்ரி 131இல் மறைந்த வாஸில் பின் அதா. கொள்கையில் முஃதஸிலாக்களின் தலைவரான அவரோடு நாம் உடன்படுவதில்லை. எனினும் 'ரா' எழுத்து வராத அவர், அவ்வெழுத்தே இல்லாத சொற்களைத் தேர்ந்து ஒரு முழுப் பிரசங்கம் நிகழ்த்தினார் என்பது அரபு இலக்கியத்தில் புகழ்பெற்ற செய்தி. நாவில் குறை இருந்தும் சொல்வளத்தில் அவர் குறைந்தவரல்லர்.

இன்றைய அறிஞரும் இவ்வாறே பிரிக்கின்றனர். ஒலி திருந்தாமை வேறு; திக்குதல் வேறு; சொல்லும் வாக்கியமும் அமையாத மொழி வளர்ச்சிக் குறை வேறு; செவிட்டினாலும் ஆட்டிசத்தினாலும் வரும் தாமதம் வேறு. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

இவற்றுள் கண்ணுக்குப் புலப்படாதது மொழி வளர்ச்சிக் குறை. செவி நன்கு கேட்கும், அறிவு குறைவில்லை, ஆனால் சொல்லைத் தேடுவதும், நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொள்வதும் அப்பிள்ளைக்குப் பெருஞ்சுமை. இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு வேறு காரணம் ஏதுமின்றி இக்குறை இருப்பதாய்க் கண்டது. முப்பது பேர் அமரும் வகுப்பில் இருவர்! வளர்ந்தபின் அவர்கள் பேச்சில் பெருங்குறை தெரியாது. ஆனால் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பாடம் கடினமாகும்போது பின்தங்குகின்றனர். 'சோம்பேறி' எனும் பட்டத்தோடு பள்ளியை விட்டு நீங்குகின்றனர்.

திக்குதல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தோன்றுகின்றது. நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளிடம் தோன்றி, அவருள் பெரும்பாலோரிடம் தானே மறைகின்றது; வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரிடம் நிலைக்கின்றது. பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. அது மரபணுவையும் மூளையின் இயக்கத்தையும் சார்ந்தது. அச்சத்தால் பிறப்பதன்று, அச்சத்தால் மிகுவது. வீட்டில் உருதும் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், மக்தபில் அரபியும் பயில்வதால் பிள்ளைக்கு இக்குறை வந்தது என்று எண்ணுவோர்க்கும் ஒன்று கூறுவோம்: பல மொழி கேட்பது மொழிக்குறையை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வின் முடிவு. தாய்மொழியை நிறுத்திவிடுவது மருத்துவமாகாது.

ஓதிக்கொடுப்போர்க்கு

ஓதிக்கொடுக்கும் நம் போன்றோர்க்கு இங்கே தனிக்கடமை உண்டு. ஐன், ஹா, காஃப், ளாத் ஆகிய எழுத்துகள் தமிழ் நாவுக்குப் புதியவை. அவை உடனே வாராமை குறையன்று, பழக்கமின்மையே. ஐந்து வயதுப் பிள்ளை 'ர'வை 'ல' என்றும், 'ழ'வை 'ய' என்றும் சொல்வது பெரும்பாலும் வயதின் மழலை. ஏழெட்டு வயதுக்குப் பின்னும் திருந்தாமல் நிற்பதே குறை. இம்மூன்றையும் பிரித்தறியாத ஆசிரியர், மூவரையும் ஒரே பிரம்பால் அளக்க நேரும்.

மற்றொன்று. பேசும்போது திக்கும் பிள்ளை, பலரோடு சேர்ந்து ஓதும்போதும் இராகத்தோடு ஓதும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. யாஸீனைத் தங்கு தடையின்றி ஓதுபவன், 'உன் பேர் என்ன?' என்று கேட்டால் தன் பெயரைச் சொல்ல முடியாமல் முகம் சிவந்து நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். இதனைக் கண்டோர், 'அவன் நடிக்கின்றான்; ஓத வருகின்ற நாவுக்குப் பேச வராதா?' என்பர். நடிப்பன்று, திக்குதலின் இயல்பே அது. சேர்ந்து ஒலிக்கும் குரல் அவனுக்கு ஊன்றுகோலாகின்றது. அந்த ஊன்றுகோலை அளித்து, பின் மெல்ல மெல்லத் தனியே நடக்க விடுவதே ஆசிரியரின் திறமை.

அல்லாஹ் எந்த ஆத்மாவையும் அதன் ஆற்றலுக்கு மேல் பொறுப்பாக்குவதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆற்றல் இல்லாத இடத்தில் கட்டளை இல்லை. கட்டளை இல்லாத இடத்தில் குற்றம் இல்லை. குற்றம் இல்லாத இடத்தில் தண்டனை அநீதியே. தடுமாறி, வருந்தி ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஓதியதற்கு ஒன்று, பட்ட பாட்டுக்கு ஒன்று என அறிஞர் விளக்கினர். இரு கூலி பெறும் பிள்ளைக்கு நாம் பிரம்படி தருவதா?

'அந்நாளில் அடி வாங்கித்தானே நாங்கள் உருப்பட்டோம்' என்போர் உளர். அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்னு கல்தூன் (ரஹ்) விடையளித்துவிட்டார். கடுமை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடம் காட்டும் கடுமை, அவர்களின் ஊக்கத்தைக் கெடுத்துப் பொய்யையும் வஞ்சத்தையும் பழக்கிவிடும் என்று 'முகத்திமா'வில் ஓர் அதிகாரமே எழுதினார். அடி வாங்கி உருப்பட்டவர் மேடையில் பேசுகின்றார். அடிக்கு அஞ்சி ஓதுவதையே விட்டவர் எங்கே சென்றார் என யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

சொல்லால் விழும் அடியும் அடியே. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அனாதை இல்லப் பிள்ளைகள் சிலரிடம், திக்காதவரையும் சேர்த்து, 'நீ திக்குகின்றாய்' என்று கூறி ஓர் ஆய்வு நடத்தினர். அவர்கள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் பேச நாணினர், சொற்களைக் குறைத்தனர், ஒதுங்கினர். அப்பல்கலைக்கழகம் 2001இல் அதற்கு மன்னிப்புக் கோரியது. பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிக்க வேண்டாம் என 'ஹுஜுராத்' அத்தியாயம் தடுத்திருப்பதன் ஆழம் இங்கே விளங்கும். 'ஊமை', 'திக்குவாய்' என்பன ஒரு பிள்ளையின் பெயராக நம் தெருக்களில் ஒலிக்கலாகாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: எழுத்தை மாற்றி ஓதுபவர் இமாமாக நிற்பதை ஃபிக்ஹு தடுக்கின்றதே, அது இழிவன்றோ? அன்று. இமாமத் என்பது பிறரது தொழுகையின் பொறுப்பு. அதற்குத் திருத்தமான ஓதுதல் தகுதியாக வைக்கப்பட்டது. திருத்த இயலாதவரின் சொந்தத் தொழுகை நிறைவானதே என்று அதே நூல்கள் கூறுகின்றன. ஒரு பணிக்குரிய தகுதி வேறு. ஓர் ஆன்மாவின் மதிப்பு வேறு. இவ்விரண்டையும் குழப்புவதே நம் சமுதாயம் இழைக்கும் தவறு.

'நஸீபு' என்றிருப்பது முறையா?

பிள்ளை குற்றவாளி அல்லன் என்றவுடன், 'அல்லாஹ் நாடியது. நாம் என்ன செய்ய முடியும்?' என்று அமைந்துவிடுவோரும் உண்டு. மதுரையோடு பெருந்தொடர்புடைய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து பின் பாடத் தொடங்கினார் என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. அதைக் காட்டி, 'ஐந்து வயதுவரை பொறுங்கள்' என்பர். அது நிகழாத ஒன்று நிகழ்ந்ததாகக் கருதப்பட்டதனாலன்றோ அற்புதமாய்ப் போற்றப்பட்டது? அற்புதத்தை அளவுகோலாகக் கொண்டு ஒரு பிள்ளையின் முதல் ஐந்து ஆண்டுகளைக் கழித்துவிடுவது பொறுமையன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு பணித்த நாயகத்தின் உம்மத்து நாம். மூஸா (அலை) அவர்களும் துஆவோடு நின்றுவிடாமல் துணையாளரையும் கேட்டார்கள்.

துணைக்கு வழிகள் இன்று உள்ளன. மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறைக்கு வல்லுநரை உருவாக்கி வருகின்றது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றனர். பேச்சுத் தாமதமும் செவிக்குறையும் அவர்களின் பட்டியலில் உள்ளன. ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் உளர். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் செய்யப்படுகின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மற்றும் மொழிக் குறையை 21 வகைக் குறைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

ஆயினும் தாள்மேல் உள்ளதும் வீட்டு வாசலில் உள்ளதும் ஒன்றல்ல. பேச்சுப் பயிற்சி ஒருநாளில் முடியும் ஊசி மருந்தன்று. வாரந்தோறும், திங்கள்தோறும் நீளும். கொட்டாம்பட்டிச் சுற்றுவட்டத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலூர் கடந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சென்று திரும்பினால் ஒரு நாட்கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. மூன்று முறை செல்வாள். நான்காம் முறை நின்றுவிடுவாள். அவளைக் குறைகூறுவது எளிது. அந்தப் பேருந்துக் கட்டணத்தை ஏழைக்குரிய ஸகாத்திலிருந்து ஜமாஅத் கொடுப்பது அதனினும் பெரிதும் எளிது.

மறைப்பதும் ஓர் அநீதி

பெண்பிள்ளையாயின் துன்பம் இரட்டிப்பாகின்றது. 'வெளியே தெரிந்தால் நாளை பெண் கேட்டு யார் வருவார்?' என்று, திக்கும் மகளைப் பயிற்சிக்கு அனுப்பாமல் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மூன்று வயதில் எளிதாய்த் திருத்தக்கூடியதைப் பதினெட்டு வயதுவரை பூட்டி வைத்து, மணமேடைக்கு முன்தினம் கவலைப்படுவதால் பயன் என்ன? மகனாயின், வகுப்பில் எழுந்து படிக்க அஞ்சிப் பள்ளியை விடுகின்றான்; பாங்கு சொல்ல ஆசையிருந்தும் பின்வாங்குகின்றான்; நிக்காஹ் மஜ்லிஸில் 'கபில்து' எனும் ஒரு சொல்லைச் சபைமுன் கூறவேண்டுமே எனத் திங்கள் கணக்கில் தூக்கமிழக்கின்றான். அவனுக்கு ஒன்றைக் கூறுங்கள்: மார்க்கம் வாய்பேசாதவரின் சைகையையே ஏற்றிருக்க, தாமதித்து வரும் உன் சொல்லை அது தள்ளாது. சபையோர் சற்றுப் பொறுத்திருப்பதால் எவர்க்கும் நட்டமில்லை.

பிறவிச் செவிட்டைப் பற்றியும் மனம் திறந்து பேசுதல் வேண்டும். மாமன் மகள், அத்தை மகள் என உறவுக்குள் மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கட்டளையிடவில்லை. தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் மணம் நிகழும்போது பிறவிச் செவிடு போன்ற மரபுக் குறைகள் மிகும் என்பது மருத்துவம் காட்டும் உண்மை. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இரு பிள்ளைகள் செவிகேளாதவராயின், அடுத்த சம்பந்தத்துக்கு முன் மருத்துவரைக் கலந்து கொள்வது மார்க்கத்துக்கு மாறானதன்று; வரவிருக்கும் உயிருக்குச் செய்யும் நீதியாகும்.

ஹாரூன்கள் தேவை

அல்லாஹ் மூஸா (அலை) அவர்களின் துஆவை ஏற்று, நாவின் முடிச்சை அவிழ்த்ததோடு தமையனாரையும் உடன் அனுப்பினான். நாவுக்குரிய அருள் ஒருபுறம். அருகில் நிற்கும் மனிதர் எனும் அருள் மறுபுறம். முதலாவது அவன் கையில் உள்ளது. இரண்டாவதை அவன் நம் கையில் தந்திருக்கின்றான்.

பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் தந்தை ஒரு ஹாரூன். அவன் சொல்லை இடைமறித்து முடித்துவைக்காமல் முகம் பார்த்துக் கேட்கும் தாய் ஒரு ஹாரூன். செவிகேளாத் தங்கைக்காகச் சைகை கற்கும் அண்ணன் ஒரு ஹாரூன். பிரம்பை ஓரத்தில் வைத்துவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து குரல் கொடுக்கும் உஸ்தாதும், பேருந்துக் கட்டணம் கொடுக்கும் முத்தவல்லியும் ஹாரூன்களே. இவர்கள் இல்லாத ஊரில் பேச்சற்றுப் போவது பிள்ளையன்று. அதன் விண்ணப்பத்தைக் கேளாத அவ்வூரே.

நாளை மறுமையில் வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் என்றும், கால்கள் சாட்சி பகரும் என்றும் திருமறை எச்சரிக்கின்றது. நாவன்மை மிக்கோர்க்கும் அன்று நா உதவாது. பேச இயலாத ஒரு பிள்ளைக்காக இக்கைகள் என்ன செய்தன என்பதை அவையே அன்று சொல்லும்.

வல்ல நாயன் நம் மழலைகளின் நாவுகளிலுள்ள முடிச்சுகளை அவிழ்ப்பானாக! அவர்களின் உள்ளத்துப் பேச்சைக் கேட்கும் செவிகளை நமக்கு அருள்வானாக! ஆமீன்.